லுணுகலையின் பழங்கிணறுகள்: வற்றியது கிணறா, மலையா?

பதுளையிலிருந்து பசறை வழியாகக் கிழக்கு நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், பிபிலைக்கு முன்னதாக வருவது லுணுகலை. பேராதனையில் தொடங்கிச் செங்கலடியில் முடிகின்ற அந்தப் பாதை, மலைநாட்டை மட்டக்களப்புடன் இணைக்கிறது. சிங்களத்தில் 'லுணு' என்றால் உப்பு. 'கல' என்றால் கல். பெயரில் உப்பு இருந்தாலும் இங்குள்ள கிணறுகளில் உப்புக் கரிப்பதில்லை. இங்கு பேசப்படுவது வேறொரு குறை. பாட்டன் காலத்தில் ஆண்டு முழுவதும் நீர் தந்த கிணறு, இப்போது ஆவணி பிறக்கும்போதே அடி தெரிய வறண்டுவிடுகிறது என்பதே அது.

அப்பகுதியிலிருந்து என்னுடன் தொடர்பு கொள்ளும் அன்பர்கள் சிலர் கேட்பது இதுதான்: பழைய கிணற்றைத் துப்புரவு செய்தால் போதுமா, மேலும் ஆழப்படுத்த வேண்டுமா, அல்லது அதைக் கைவிட்டுக் குழாய்க் கிணறு தோண்ட வேண்டுமா? நான் பொறியியலாளன் அல்லன். கலைப்பீடத்தில் படித்துப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். எனினும் இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், ஊவாவின் வரலாற்றில் ஒரு பகுதியைப் படிக்க வேண்டியிருக்கிறது. கிணறு ஒருவருடைய காணியில் இருக்கிறது. அதற்கு நீர் தரும் மலைச்சரிவு இன்னொருவருடையது. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் நீடிக்கும் நிலை இது.

மழையும் காற்றும்

முதலில் வானத்தின் கணக்கைப் பார்க்கலாம். லுணுகலை மத்திய மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்தது. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழையே இதற்கு முதன்மையானது. சித்திரையில் இடைப்பருவ மழை ஓரளவு கிடைக்கும். மே மாதத்துக்குப் பின் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையை நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, ஈரம் இழந்த வரட்காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. கச்சான் என்று நாம் அழைப்பது அந்தக் காற்றைத்தான்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. வரட்காற்றில் கொழுந்து மெல்ல வளர்வதால் அதன் மணமும் சுவையும் செறிந்து நிற்கும் என்பர். அந்த மணத்தைத் தரும் அதே காற்றுத்தான் கிணறுகளின் நீரையும் இறக்குகிறது. தோட்டத்துக்கு நல்ல விலை கிடைக்கும் பருவமும் லயத்துப் பெண்கள் குடத்துடன் காத்து நிற்கும் பருவமும் ஒன்றே. ஏலச் சந்தையின் அறிக்கையில் முன்னது மட்டுமே இடம்பெறும்.

எனவே ஆவணி, புரட்டாதியில் நீர் குறைவது கிணற்றின் நோய் அல்ல. அது ஆண்டுதோறும் நிகழும் இயல்பு. மார்கழி மழைக்குப் பின்னரும் பழைய மட்டத்துக்கு நீர் ஏறவில்லை என்றாலோ, ஏறிய நீர் ஒரே மாதத்தில் மறைந்தது என்றாலோதான் காரணம் தேட வேண்டும்.

பீலிக்கரையும் கிணற்றுக்கட்டும்

லுணுகலையைச் சுற்றியுள்ள ஹொப்டன், அடாவத்தை ஆகிய தோட்டங்களும், அருகிலுள்ள மடுல்சீமைப் பகுதியும் தேயிலைக்குப் பெயர் பெற்றவை. ஆனால் இம்மலைகளில் முதலில் பயிரானது கோப்பி. இலங்கையின் கோப்பித் தொழிலை அழித்த இலைத்துரு நோய் 1869ஆம் ஆண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது மடுல்சீமையில்தான். அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மறைந்து தேயிலை பரவியது. பயிர் மாறியதே தவிர நிலம் தோட்டமாகவே நீடித்தது. காடாக இருந்து மழையை உறிஞ்சிவைத்த உச்சிகளும் சரிவுகளும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தன.

தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், கிணற்றை நன்கு அறிந்த மக்கள். கமலையும் ஏற்றமும் இறைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். கிணறு வெட்டுவது அங்கே காணி உள்ளவனின் அடையாளம். இங்கே வந்த பின் அவர்களுக்கு லயத்துக் காம்பரா கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. காணி இல்லாதவனுக்குக் கிணறு ஏது? மலையில் ஊறும் நீரை மூங்கிலாலோ இரும்புக் குழாயாலோ வழிப்படுத்திய பீலிதான் அவர்களுடைய நீர்நிலை. குளிப்பதும், துவைப்பதும், குடிநீர் எடுப்பதும், ஊர்க்கதை பேசுவதும் பீலிக்கரையில்தான். மலையகத் தமிழில் 'பீலி' என்ற சொல் பெற்ற இடத்தைக் 'கிணறு' என்ற சொல் பெறவில்லை.

சொந்தக் கிணறு இருந்தவர்கள் வேறு. பாதையோரத்துக் கடைக்காரர்கள், கிராமத்துச் சிங்கள விவசாயிகள், சிறு காணி வாங்கிக் குடியேறிய முன்னாள் கங்காணிமார், கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகிய நிறுவனங்கள். இந்தக் கிணறுகளில் பெரும்பாலானவை தோட்டத்துக்குக் கீழே, சரிவின் அடிவாரத்தில், வயலையொட்டி வெட்டப்பட்டவை. மேலே தோட்டம், கீழே கிணறு. இந்த அமைப்பை மனத்தில் கொண்டால் மற்றவை விளங்கும்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பெனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் உடைமையாளரை மாற்றின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொழுந்தின் நிறையும் கூலியும் பேசப்பட்டன. உச்சியில் எஞ்சியிருந்த காட்டுத்துண்டு யாருடைய கிணற்றுக்கு நீர் தருகிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொழுந்து உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டும் என்பதற்காக வேகமாக வளரும் யூக்கலிப்டஸ் பல இடங்களில் நடப்பட்டது. நீரோடைக்கும் ஊற்றுக்கும் அருகே அம்மரம் நின்றால் கோடையில் ஊற்று மெலியும் என்பது மலையகத்தில் பலரும் அறிந்த ஒன்று.

ஒரு மலைக்கிணறு எப்படி மூப்படைகிறது?

ஊவாவின் அடிப்பாறை மிகப் பழைமையான உருமாறிய பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லைப்போல் நீரைத் தன்னுள் பெருமளவில் தேக்கிவைக்கும் இயல்பு அதற்கு இல்லை. நீர் இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, பாறை சிதைந்து மண்ணாகிக் கிடக்கும் மேற்படை. மற்றொன்று, அதற்குக் கீழே உள்ள பாறையின் வெடிப்புகள். நமது பழங்கிணறுகள் மேற்படையைத் துளைத்து, பாறையைத் தொடும் இடத்தில் நிற்பவை. மேற்படை ஒரு பஞ்சு போன்றது. மழையில் நனைந்து, பின் மெல்ல மெல்லச் சரிவின் வழியே கசிந்து, கிணற்றின் ஊற்றுக்கண்களில் வெளிவருகிறது.

இத்தகைய கிணறு மூப்படைவதற்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, வண்டல். மழைநீருடன் வரும் சேறும், சுவரிலிருந்து உதிரும் மண்ணும், விழும் இலையும் ஆண்டுதோறும் அடியில் படிகின்றன. இரண்டாவது, ஊற்றுக்கண் அடைபடுதல். நீருடன் நகரும் நுண்மண், கிணற்றை நெருங்கும் இடத்தில் தங்கி வழியை மூடிவிடும். இரும்புச் சத்து மிகுந்த நீரில் செம்மஞ்சள் நிறப் பாசிபோன்ற படிவு தோன்றி அதே வேலையைச் செய்யும். மூன்றாவது, கட்டுமானச் சிதைவு. வேர் புகுந்து கல்கட்டு விலகும். அல்லது புதுப்பிக்கிறோம் என்று உட்சுவர் முழுவதையும் சீமெந்தால் பூசி, கசிவு வரும் வழிகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். நான்காவது, வெளியே நிகழும் மாற்றம். சரிவின் மேலே காடு வெட்டப்படலாம். பாதைக்காக மண் அறுக்கப்படலாம். அயலில் ஆழமான குழாய்க் கிணறு தோண்டப்படலாம்.

முதல் மூன்றும் கிணற்றுக்குள் இருக்கும் குறைகள். அவற்றை உடைமையாளர் தீர்க்கலாம். நான்காவதை அவர் தனியாகத் தீர்க்க இயலாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயன்படுத்தாத கிணறு விரைவில் கெடும். உலக வங்கியின் உதவியுடன் 1993 முதல் 1998 வரை பதுளை, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் சமூக நீர்வழங்கல் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. கிராமத்தவர்களே சங்கம் அமைத்து, மலை ஊற்று நீரைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டுவந்தனர். நல்ல திட்டம்தான். ஆனால் குழாய் வந்த வீட்டில் கிணற்றின் கப்பி துருப்பிடித்தது. குழாய்நீர் வரண்ட ஆண்டில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பாதி சேறாக இருந்தது.

புதுப்பிக்கும் முறை

முதல் வேலை அளப்பது. கோடையில் ஒரு நாள் அதிகாலையில் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின் ஓரிரு அடி நீரை இறைத்துவிட்டு, அது மீண்டும் ஏற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து அடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடி உயரத்து நீர் ஏறக்குறைய 555 லீற்றர். இரண்டு மணி நேரத்தில் ஓர் அடி ஏறினால், மணிக்கு 275 லீற்றருக்கு மேல் ஊறுகிறது என்று பொருள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது தாராளம். அத்தகைய கிணற்றில் அடிப்பகுதி நாலடி வண்டல் நிறைந்திருந்தால், 2,200 லீற்றர் கொள்ளளவும், மிகத் தாழ்ந்த ஊற்றுக்கண்ணும் சேற்றின் கீழே புதைந்திருக்கின்றன. கோடையில் கடைசிவரை ஊறுவது அந்தத் தாழ்ந்த கண்தான்.

துப்புரவுக்கு ஏற்ற காலம் புரட்டாதி. நீர் மிகக் குறைந்திருக்கும், பெருமழை தொடங்கியிருக்காது. நீரை இறைத்து, வண்டலை அள்ளி, ஊற்றுக்கண்களைக் கையாலும் கம்பியாலும் மெல்லக் கிளறி, சுவரைத் தேய்த்துக் கழுவி, அடியில் சுத்தமான சரளைக்கல்லை ஒரு படையாக இடுவது பழைய வழக்கம். இதற்குப் பெரிய செலவில்லை. வேலை முடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையுடன் குளோரின் இட வேண்டும். மேற்கட்டை உயர்த்தி, சுற்றிலும் சீமெந்துத் தளம் இட்டு, கழிவுநீர் விலகி ஓட வாய்க்கால் வைத்தால் அடுத்த வண்டல் சேர நீண்ட காலமாகும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. பழங்கிணற்றுக்குள் இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கிய மகனோ தம்பியோ கூடவே மடிவதும் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. மூடிக்கிடந்த கிணற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் அதை ஓரளவு காட்டும். ஆனால் மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இறைத்தால் அதன் புகையிலுள்ள காபன்மொனொக்சைட்டு விளக்கை அணைக்காமலே மனிதனை அணைத்துவிடும். இயந்திரம் எப்போதும் வெளியே, காற்று விலகி வீசும் பக்கத்தில் இருக்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இருவர் நிற்க வேண்டும்.

துப்புரவுக்குப் பின்னும் ஊற்றுக் கூடவில்லை என்றால் அடுத்த வழி பக்கத் துளை. கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்துக் கொங்கு விவசாயிகள் தம் பெருங்கிணறுகளின் உட்சுவரிலிருந்து பாறைக்குள் கிடையாகத் துளையிட்டு, அயலிலுள்ள வெடிப்பு நீரைக் கிணற்றுக்குள் கொண்டுவருகிறார்கள். 'சைடு போர்' என்று அதற்குப் பெயர். நம் மலைச்சரிவிலும், மேற்புறமாகத் துளையிட்டால் பயன் கிடைக்க வாய்ப்புண்டு. ஆழப்படுத்துவது மூன்றாவது வழி. ஆனால் பாறையைத் தொட்டுவிட்ட கிணற்றில் வெடி வைத்து இறங்குவது அயல் வீட்டுச் சுவரையும் சரிவையும் அசைக்கும் செயல். குழாய்க் கிணறு கடைசி வழி. பாறை வெடிப்பு அகப்பட்டால் நீர். அகப்படாவிட்டால் பணமும் துளையும் வீண். அகப்பட்டாலும், தொடர்ந்து இறைக்கையில் அது மேற்படை நீரையே கீழிழுத்து, அருகிலுள்ள பழங்கிணறுகளை மேலும் வற்றச் செய்யக்கூடும்.

அவசரம் கெடுத்த கிணறுகள்

லுணுகலையைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையில் இறங்கிச் சென்றால் மட்டக்களப்புக் கரை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அங்கே பல்லாயிரக்கணக்கான கிணறுகளை உப்பாக்கியது. நிவாரணத்துக்கு வந்தவர்கள் நல்ல நோக்குடன் இயந்திரம் கொண்டு இறைத்தார்கள். மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். மணற்பாங்கான அந்த நிலத்தில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. மிகுதியாக இறைத்தபோது கீழிருந்த உப்புநீர் மேலேறிற்று. பின்னர் ஆராய்ந்தவர்கள் தந்த அறிவுரை, ஒரு முறை துப்புரவு செய்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள் என்பதே. அடுத்தடுத்த பருவ மழைகள் செய்த உதவியை இயந்திரம் செய்யவில்லை.

மலைக்கும் கரைக்கும் நிலம் வேறு. ஆனால் பாடம் ஒன்று. நீர் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் கிணற்றில் கைவைத்தால் உதவியே கேடாகும்.

பண்டாரவளையில் நடந்தது

எவ்வளவு துப்புரவு செய்தாலும் மீளாத கிணறுகளும் உண்டு. அதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது.

உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம் 2008இல் ஈரானின் நிதியுதவியுடன் தொடக்கிவைக்கப்பட்டது. மகாவலியுடன் கலக்கும் உமா ஓயாவின் நீரில் ஒரு பகுதியைப் புகுல்பொல, டயரபா அணைகளில் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தென்கிழக்கே வெல்லவாய பக்கம் இறக்கி, 120 மெகாவாற் மின்சாரம் எடுத்து, வரண்ட நிலங்களுக்குப் பாய்ச்சுவது நோக்கம். முதன்மைச் சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 15 கிலோமீற்றர். அது பண்டாரவளைப் பகுதியின் கீழாகச் செல்கிறது.

2014 டிசம்பர் இறுதியில், துளையிடும் இயந்திரம் நீர் நிறைந்த பாறை வெடிப்பொன்றைத் தொட்டது. சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. நிலத்தின் மேலே, ஹீல்ஓயா, மாகுலெல்ல முதலிய கிராமங்களில் கிணறுகள் இறங்கத் தொடங்கின. நூற்றுக்கணக்கான கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. நிலம் அமிழ்ந்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புகள் தோன்றின. தலைமுறைகளாகத் தம் கிணற்று நீரை உண்டவர்கள், பவுசர் வண்டியின் ஒலிக்காகக் காத்திருக்கும் நிலை வந்தது. 2017 ஜூன் மாதம் பண்டாரவளை நகரில் மக்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். சீமெந்துச் சாந்து செலுத்தி வெடிப்புகளை அடைக்கும் பணி நெடுங்காலம் நடந்தது. இறுதியில் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி, ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியும் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் திட்டத்தைத் திறந்துவைத்தனர்.

அந்தக் கிணற்றுக்காரர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் கிணற்றைச் சுத்தம் செய்தவரும் உண்டு. மேற்கட்டைப் புதுப்பித்தவரும் உண்டு. காணி உறுதியில் கிணறு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கிணற்றுக்கு நீர் தந்த மலையின் உட்பகுதி எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. எங்கோ வகுக்கப்பட்ட ஒரு திட்டம் அடியிலிருந்த நீரை வடித்துவிட்டபோது, தன் கிணறு முன்பு எந்த மட்டத்தில் இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டிய சுமையும் அவர்மேலேயே விழுந்தது. எழுத்தில் குறித்து வைத்திருந்தவர் எத்தனை பேர்?

நீர் மிகுந்தாலும் ஆபத்து

அதே 2014ஆம் ஆண்டு, அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, அதே பதுளை மாவட்டத்தில் வேறொரு துயரம் நேர்ந்தது. அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே மலையில் நீர் மிகுந்தது. பண்டாரவளையில் மலையின் நீர் வடிந்தது. ஒரே மாவட்டத்தின் இரு முகங்கள் இவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் சிதைந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள்.

கிணற்றைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இதை ஏன் அறிய வேண்டும்? தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. நிலத்துள் மழைநீரை இறக்கும் குழிகளால் சென்னையின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. அதைப் படித்துவிட்டு, நம் வீட்டுக்கு மேலே சரிவில் குழி வெட்டிக் கூரைநீர் முழுவதையும் இறக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். சென்னை சமநிலம். செங்குத்தான ஊவாச் சரிவில், தளர்ந்த மேற்படைக்குள் நீரை அடைத்து இறக்குவது அச்சரிவையே நகர்த்தக்கூடும். இங்கே ஏற்றது கூரைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது. சரிவில் மரமும் புல்லும் நிலைக்கவிட்டு நீரை இயல்பாக இறங்கவிடுவது. குழி வெட்டுவதாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை பெறாமல் செய்யலாகாது.

கிணறு ஓர் அறிவிப்பாளரும்கூட. தெளிந்த கிணறு காரணமின்றிக் கலங்கினாலோ, நீர் திடீரென்று மறைந்தாலோ, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்பட்டாலோ மண்சரிவின் முன்னறிகுறியாக இருக்கலாம். மழைக்காலத்தில் அப்படி நேர்ந்தால் அது கிணற்றைப் பழுதுபார்க்கும் வேளை அல்ல; வீட்டைவிட்டு விலகும் வேளை.

ஏழு பேர்ச்சும் ஐம்பது அடியும்

இறுதியாக, இப்போதுதான் சொந்தக் காணியைக் காணத் தொடங்கியிருக்கும் தோட்ட மக்களைப் பற்றி. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடும், குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் என்பது சில ஆண்டுகள் கொள்கையாக இருந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. காணி சரிசதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 44 அடிக்கு மேல் வராது. மூலைக்கு மூலை 62 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே குறைந்தது ஐம்பது அடியாவது வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் வலியுறுத்துகிறார்கள். வீட்டையும் கட்டி, குழியையும் வெட்டி, அயலவரின் குழியிலிருந்தும் விலகி, அக்காணிக்குள் கிணறு எங்கே வெட்டுவது?

நூற்றைம்பது ஆண்டுகளாகக் காணி இல்லாததால் கிணறு இல்லை. காணி கிடைத்த பின்னும், அளவு போதாமையால் கிணறு இல்லை. ஆகவே அவர்கள் பீலியையும், தோட்ட எல்லைக்குள் உள்ள ஊற்றுகளையும், அடிவாரத்தில் கைவிடப்பட்ட பழங்கிணறுகளையுமே நம்ப வேண்டியிருக்கிறது. இதனால்தான் லுணுகலை போன்ற ஊர்களின் ஒவ்வொரு பழங்கிணறும் அதன் உடைமையாளருக்கு அப்பாலும் மதிப்புடையதாகிறது. கோடையில் ஒரு கடைக்காரரின் கிணறு மீண்டும் ஊறினால், மேலே உள்ள லயத்துப் பிள்ளைகளும் அதில் ஒரு குடம் எடுக்கிறார்கள்.

எனவே கேட்ட அன்பர்களுக்கு என் விடை இது. முதலில் அளந்து பாருங்கள். புரட்டாதியில் துப்புரவு செய்யுங்கள். அது போதாவிட்டால் பக்கத் துளையைப் பற்றி யோசியுங்கள். குழாய்க் கிணற்றைக் கடைசிக்கு வையுங்கள். அதே வேளையில் கிணற்றுக்கு மேலே உள்ள சரிவையும் நடந்து பாருங்கள். அங்கே ஊற்றடிக் காடு எஞ்சியிருந்தால் அதைக் காக்கும்படி தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் ஊரவர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியொருவர் கிணறு என்பதால் தனியொருவர் கேட்க வேண்டும் என்பதில்லை.

ஒரு பாடசாலைக் கொப்பியில் மாதம் ஒரு முறை நீர்மட்டத்தைத் திகதியுடன் குறித்து வாருங்கள். பண்டாரவளைக்காரர்களுக்கு வேண்டியிருந்தும் பெரும்பாலோரிடம் இல்லாதிருந்த சான்று அதுதான். நாளை மலையில் எவர் கை வைத்தாலும், அந்தக் கொப்பி பேசும்.

லுணுகலை, மடுல்சீமை, பசறைப் பகுதிகளில் பழங்கிணறுகள், பீலிகள் பற்றிய செய்திகள், அவை வெட்டப்பட்ட காலம், வற்றிய ஆண்டு ஆகியவை தெரிந்தவர்கள் எனக்கு எழுதினால் நன்றியுடையேன். பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றைப் பதிந்துவிட வேண்டும்.